அவசரக் களி பன்னிரண்டு மணி நேரம் வெந்த கதை

பெயரிலேயே 'இந்தியன்' என்று இருக்கிறது. ஆனால் அந்தப் பண்டத்துக்கும் இந்தியச் சமையலறைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மெய்ன் உள்ளிட்ட ஆறு மாநிலங்கள் சேர்ந்த நியூ இங்கிலாந்துதான் அதன் பிறந்த மண். வெளியே பனி கொட்டும் மாலையில், ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு மேசைக்கு வரும். பார்வைக்கு அழகென்று சொல்ல முடியாது. மேலே சுருக்கம் விழுந்த ஆடை, உள்ளே குழைந்த பழுப்புக் களி, ஓரத்தில் கொஞ்சம் தெளிநீர் கசிந்து நிற்கும். அதன் தலையில் ஒரு கரண்டி வெண்ணிலா ஐஸ்கிரீமை வைத்துக் கொடுப்பார்கள். இதுதான் இந்தியன் புட்டிங்.

மக்காச்சோள மாவு, பால், மொலாசஸ் என்னும் கரும்புப் பாகு, வெண்ணெய், உப்பு, சுக்குப்பொடி, கொஞ்சம் பட்டைப்பொடி. சேர்மானம் இவ்வளவுதான். கொலம்பஸ் தான் வந்து சேர்ந்த இடம் இந்தியா என்று நினைத்ததால் அங்கிருந்த மக்களெல்லாம் 'இந்தியர்' ஆனார்கள். அவர்கள் விளைவித்த தானியம் 'இந்தியன் கார்ன்' ஆயிற்று. அதை அரைத்தால் 'இந்தியன் மாவு'. அந்த மாவில் செய்ததால் இது இந்தியன் புட்டிங்.

பெயரைவிடப் பெரிய வேடிக்கை இதன் பரம்பரையில் இருக்கிறது. இந்தப் புட்டிங்கின் தாய், இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் கூடவே கொண்டுவந்த 'ஹேஸ்டி புட்டிங்'. அவசரப் புட்டிங் என்று பொருள். கொதிக்கும் பாலிலோ நீரிலோ கோதுமை மாவைத் தூவிக் கிளறினால் சில நிமிடங்களில் ஆயிற்று. நம் கணக்கில் அது ஒரு களி. அந்த அவசரக் களி கடல் தாண்டி வந்ததும், மணிக்கணக்கில் வேக வேண்டிய பண்டமாக மாறிப்போனது. அடுப்பங்கரைப் பெண்கள் திடீரென்று பொறுமைசாலிகள் ஆகிவிட்டதால் அல்ல, மாவு மாறியதால்.

1620இல் பிளிமத்தில் இறங்கியவர்களுக்குக் கோதுமை கைகொடுக்கவில்லை. மண்ணும் குறுகிய கோடையும் ஒத்துழைக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் துரு நோய் வேறு சேர்ந்துகொண்டது. பார்பெரி புதர் இருக்கும் இடத்தில் துரு அதிகம் என்று உழவர்கள் கண்டுகொண்டு, அந்தப் புதரை அழிக்க 1726இல் கனெக்டிகட்டில் சட்டமே போட்டார்கள். நோய்க்கும் புதருக்கும் என்ன தொடர்பு என்பது அறிவியலுக்குப் புரிய இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதே மண்ணில் வாம்பனோவாக், நாரகன்செட் என்ற தொல்குடி மக்கள் மக்காச்சோளத்தை அவரையோடும் பூசணியோடும் கலந்து நட்டுச் செழிப்பாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோளத்தை இடித்துக் காய்ச்சிய கஞ்சிக்கு நாரகன்செட் மொழியில் 'நசாம்ப்' என்று பெயர். ரோஜர் வில்லியம்ஸ் 1643இல் வெளியிட்ட மொழி நூலில் அந்தச் சொல்லைப் பதிவு செய்திருக்கிறார். கோதுமை இருந்த இடத்தில் சோளமும் சர்க்கரை இருந்த இடத்தில் மொலாசஸும் வந்து உட்கார்ந்தன.

1796இல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 'அமெரிக்கன் குக்கரி' என்ற சிறு புத்தகம் அச்சேறியது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் வெளியான முதல் சமையல் புத்தகம் என்று கருதப்படுவது அதுதான். எழுதிய அமீலியா சிம்மன்ஸ், முகப்பிலேயே தன்னை ஓர் அநாதை என்று அறிமுகப்படுத்திக்கொண்டவர். அதில் இந்தியன் புட்டிங்குக்கு மூன்று செய்முறைகள் உண்டு. முதலாவதில் மூன்று பைண்ட் பால் (ஏறத்தாழ 1.4 லிட்டர்), நயமாக அரைத்த மாவு ஏழே கரண்டி, முட்டை ஏழு, ஒன்றரை மணி நேரம் வேக வேண்டும். இரண்டாவதில் அதே அளவு பால், மாவு ஒரு பைண்ட், முட்டை இரண்டுதான். இரண்டரை மணி நேரம். மூன்றாவதில் முட்டையே கிடையாது. மாவைப் பாலில் நனைத்து, இனிப்புச் சேர்த்து, துணியிலோ பாத்திரத்திலோ நீர் புகாமல் மூடி, பன்னிரண்டு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும்.

ஒரே பண்டத்துக்கு ஒன்றரை, இரண்டரை, பன்னிரண்டு. முட்டையின் புரதம் எண்பது டிகிரிக்குள் இறுகிவிடும். ஆகவே முட்டை மிகுந்த முதல் செய்முறையில் சோளம் பெயருக்குத்தான் இருக்கிறது. முட்டை குறையக் குறைய, கெட்டிப்படுத்தும் வேலை முழுவதும் சோளத்தின் தலையில் விழுகிறது. அந்தத் தானியமோ எளிதில் இளகுவதாக இல்லை.

நியூ இங்கிலாந்தில் விளைந்தது 'ஃப்ளின்ட்' வகைச் சோளம். ஃப்ளின்ட் என்றால் சிக்கிமுக்கிக் கல். பெயருக்கேற்ற கடினம். கடினத்துக்குக் காரணம், மணிக்குள் மாவுச்சத்துக் குருணைகள் புரதச் சுவரில் பதித்த கற்களைப்போல் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பது. அந்தப் புரதத்தில் பெரும்பங்கு 'ஸெயின்'. தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் குணம் அதற்கு. சாராயத்தில் கரையும், நீரில் கரையாது. கோதுமையின் புரதம் நீரோடு சேர்ந்து பிசுபிசுப்பான பசையாவதுபோல் இது ஆவதில்லை. எனவே சோளமாவுத் துகளுக்குள் நீர் நுழைவதென்றால், மூடிய கதவின் இடுக்கு வழியாக ஒவ்வொருவராக உள்ளே போவதைப்போல மெதுவாகத்தான் நடக்கும்.

துகளின் அளவும் இங்கே முக்கியம். ஊடுருவிப் பரவும் எதற்கும் ஒரு கணக்கு உண்டு: தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். கல் இயந்திரத்தில் ரவை ரவையாக உடைத்த சோளத்தின் துகள், நயமான மாவுத் துகளைவிட மூன்று மடங்கு பருமன் என்று வைத்துக்கொண்டால், நடுப்பகுதி நனைய ஒன்பது மடங்கு நேரம் வேண்டும். சிம்மன்ஸ் முதல் செய்முறையில் 'நயமான மாவு' என்று குறிப்பாகச் சொன்னது சும்மா இல்லை.

நீர் உள்ளே போய்விட்டால் மட்டும் போதாது, சூடும் வேண்டும். சோள மாவுச்சத்தின் குருணைகள் பச்சைத் தண்ணீரில் அப்படியே கிடக்கும். ஏறத்தாழ 62 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அவற்றின் உள்கட்டு தளரத் தொடங்கும். 72 டிகிரிக்குள் பெரும்பாலானவை நீரைக் குடித்துப் பல மடங்கு உப்பிவிடும். மாவுச்சத்தில் கால் பங்கான அமைலோஸ் என்னும் நீள இழைகள் அப்போது வெளியே கசிந்து பாலில் வலைபோல் பின்னிக்கொள்ளும். கஞ்சி கெட்டியாவது இப்படித்தான். கொதிக்கும் பாலில் மாவை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டுவதற்கும் இதுவே காரணம். உருண்டையின் வெளிப்புறம் நொடியில் வெந்து பசையாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த மாவுக்கு நீர் போகாமல் அடைத்துவிடுகிறது. ஆகவே மாவைச் சிறிது சிறிதாகத் தூவுவார்கள், அல்லது பாலை மெல்லிய தாரையாக மாவின்மேல் ஊற்றிக் கலப்பார்கள்.

மொலாசஸை மாவு வெந்த பிறகே சேர்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சர்க்கரை நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அது நிறைய இருக்கும் நீரில் மாவுச்சத்து உப்புவதற்கு இன்னும் கூடுதல் சூடு தேவைப்படும். முதலிலேயே இனிப்பைக் கொட்டினால், ஏற்கெனவே தயங்கி நிற்கும் சோளத்துக்கு மேலும் ஒரு தடை.

இத்தனை நேரம் தணலை ஊதிக்கொண்டு யார் அடுப்படியில் நிற்பது? அதற்கு விடையாக இருந்தது செங்கல் அடுப்பு. பழைய நியூ இங்கிலாந்து வீடுகளில் கணப்பை ஒட்டிச் சுவருக்குள்ளேயே அதைக் கட்டியிருப்பார்கள். அடுப்பின் வயிற்றுக்குள் விறகை எரித்து, கல்லெல்லாம் சூடேறியதும் தணலையும் சாம்பலையும் வாரி வெளியே போட்டுவிட வேண்டும். வெப்பமானி கிடையாது, கையை உள்ளே நீட்டி, எத்தனை எண்ணும்வரை தாங்க முடிகிறது என்று பார்ப்பார்கள். முதல் சூட்டில் ரொட்டி, அடுத்து 'பை' என்ற பண்டம். சூடு தணிந்த பிறகு, அவரைப் பானையும் புட்டிங் பானையும் உள்ளே போகும். கதவை மூடிவிட்டால் காலையில்தான் திறப்பது.

சூடான பொருள் எப்படி ஆறும் என்பதற்கு நியூட்டன் சொன்ன விதி ஒன்று உண்டு. சுற்றுப்புறத்தோடு வேறுபாடு அதிகமாக இருக்கும்போது சூடு விறுவிறுவென இறங்கும். வேறுபாடு குறையக் குறைய இறக்கமும் மந்தமாகும். கனமான செங்கல் சுவர் இந்த இறக்கத்தை இரவு முழுவதும் நீட்டித்துக்கொடுத்தது. மொறுமொறுப்பு வேண்டிய ரொட்டிக்கு உச்சச் சூடு, மணிக்கணக்கில் ஊற வேண்டிய சோளத்துக்கு நீண்ட வால். மதமும் இதற்குத் தோதாக அமைந்தது. ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது என்பதில், அங்கே குடியேறிய பியூரிட்டன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கறாரானவர்கள். சனிக்கிழமை அடுப்பில் வைத்தது ஞாயிற்றுக்கிழமை உணவுக்கு ஆயிற்று. அடுப்பு வேலை பார்த்தது. ஆட்கள் ஓய்வுநாளைக் கெடுக்கவில்லை.

அடுப்பு எவ்வளவு சூடாக இருந்தாலும் புட்டிங்கின் உட்புறம் நூறு டிகிரியைத் தாண்டாது. நீர் இருக்கும்வரை வருகிற வெப்பமெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மேற்பரப்பின் கதை வேறு. அங்கே நீர் வற்றிக்கொண்டே வருவதால், பாலின் புரதங்கள் செறிந்து ஆடையாகப் படிகின்றன. ஆடை உலர்ந்த பிறகு அதன் சூடு நூறைத் தாண்டுகிறது, நிறம் கறுக்கிறது.

ஆனால் உள்ளேயும்தானே பழுப்பாகிறது? அது மையார் வினை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912இல் விவரித்தது. புரதத்திலுள்ள அமினோ அமிலமும், வினைபுரியும் தன்மையுள்ள சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்கும். ரொட்டியின் மேலோடு, வறுத்த காபிக்கொட்டை எல்லாம் இதன் கைவண்ணமே. வெறும் வெள்ளைச் சர்க்கரை இந்த வினையில் நேரடியாகச் சேராது. பாலிலுள்ள லாக்டோஸ் சேரும். மொலாசஸிலுள்ள குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேரும். நூறு டிகிரிக்குக் கீழே வினை மந்தம்தான். ஆனால் மந்தமான வினைக்கு நாலைந்து மணி நேரம் கிடைத்தால் அது தன் வேலையை முடித்துவிடும். பாலைச் சுண்டக் காய்ச்சும் எவருக்கும் பழகிய நிறமாற்றம் இது. மைக்ரோவேவில் இருபது நிமிடத்தில் செய்த புட்டிங்கில் மொலாசஸின் நிறம் இருக்கும், இந்த மணம் இருக்காது.

மொலாசஸ் என்பது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரைப் படிகங்களைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கரிய பாகு. கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பில் சர்க்கரை உருவானது; அதன் கழிவு பீப்பாய் பீப்பாயாக நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களில் இறங்கியது. பெரும்பகுதி ரம் வடிக்கப் போயிற்று, மீதி ஏழை வீடுகளின் இனிப்பாயிற்று. பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து மலிவாக வந்த பாகைத் தடுக்க, 1733இல் பிரிட்டன் கேலனுக்கு ஆறு பென்னி வரி போட்டது. வரி காகிதத்தில் இருந்தது; பாகு கள்ளத்தனமாகப் பானைக்கு வந்துகொண்டிருந்தது.

வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத இரண்டு மொலாசஸில் உண்டு. ஒன்று இலேசான அமிலத்தன்மை. இன்னொன்று கால்சியம் போன்ற தாதுக்கள். இரண்டும் பாலைத் திரிய வைக்கத் தூண்டுபவை. பாலின் முதன்மைப் புரதமான கேசின், சாதாரணமாகப் பிஹெச் 4.6 அளவுக்கு அமிலம் ஏறினால்தான் திரியும். சூடும் கால்சியமும் கூடினால் அதற்கு முன்பே கட்டிப்படத் தொடங்கும். நீண்ட நேரச் சூட்டில் லாக்டோஸ் சிதைவதால் உண்டாகும் அமிலமும் இதற்குத் துணை போகும். இங்கே காவலுக்கு நிற்பது சோளத்தின் மாவுச்சத்து. அதன் கொழகொழப்பு, புரதத் துணுக்குகளை ஒன்றோடொன்று மோதிப் பெரிய கட்டிகளாக விடாமல் பிரித்துவைக்கிறது. பால் திரிகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளாக. இடையிடையே கொஞ்சம் தெளிநீர் மட்டும் கசிகிறது.

இந்தக் கசிவைக் குற்றமாக எண்ணி மாவை அதிகம் போடுகிறவர்கள் உண்டு. பழைய கை வேறு மாதிரி நினைத்தது. 1896இல் பாஸ்டன் சமையல் பள்ளியின் புத்தகத்தை எழுதிய ஃபேனி ஃபார்மர், சூட்டை வேகமாகக் கொடுத்தால் தெளிநீர் பிரியாது என்று எச்சரிக்கிறார். அதாவது, தெளிநீர் பிரிந்தால்தான் பதம். அவருடைய அளவு: ஐந்து கோப்பை காய்ச்சிய பால், மூன்றில் ஒரு கோப்பை மாவு, அரைக் கோப்பை மொலாசஸ், உப்பும் சுக்குப்பொடியும் ஒவ்வொரு தேக்கரண்டி. கொதிநீர்மேல் வைத்த பாத்திரத்தில் பாலும் மாவும் இருபது நிமிடம் வேக வேண்டும். பிறகு மற்றவற்றைச் சேர்த்து, வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, மந்தச் சூட்டு ஓவனில் இரண்டு மணி நேரம். மாவைப்போல் பதினைந்து மடங்கு பால்! கையில் எடுத்தால் நீர்மோர்போல் ஓடும் கலவை, வெளியே வரும்போது கரண்டியில் நிற்கிறது. வேறு சில செய்முறைகளில் பாதி வெந்ததும் ஒரு கோப்பை குளிர்ந்த பாலை மேலே ஊற்றி, கிளறாமல் விட்டுவிடுவார்கள். அந்தப் பால் கீழே கலக்காமல் மேலேயே தங்கி, தனி அடுக்காக இளக்கமாக இறுகும்.

பெயரில் இந்தியா இருப்பது பிழை என்றோம். சேர்மானத்தில் ஓர் இந்தியச் சரக்கு உண்மையிலேயே இருக்கிறது: சுக்கு. ஆங்கிலத்தின் 'ஜிஞ்சர்' லத்தீன், கிரேக்கம் வழியாகப் பின்னோக்கிப் போய், பாலி மொழியின் 'சிங்கிவேர'த்தைத் தொடுகிறது. அதற்கும் பின்னால் இருப்பது 'இஞ்சி', 'வேர்' என்ற திராவிடச் சொற்கள் என்பது மொழியியலாளர்கள் பரவலாக ஏற்கும் கருத்து.

குளிர் மாலைக்குச் சுக்கு பொருந்துவதற்கும் வேதியியல் காரணம் உண்டு. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளிலிருந்து வருகிறது. உலரும்போதும் சூடுபடும்போதும் அதில் ஒரு பகுதி நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிறது. அதற்குக் காரம் கூடுதல். ஷோகாலுக்கு அந்தப் பெயர் வந்தது இஞ்சிக்கான ஜப்பானியச் சொல்லிலிருந்து. உண்மையான வெப்பத்தை உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் இந்தக் காரப்பொருள்களும் தட்டுகின்றன. அதனால் தொண்டையில் இறங்கும் கதகதப்பு பாதி சூடு, பாதி சுக்கு. களியின் கெட்டித்தன்மையும் உதவுகிறது: சூப்பைப்போல் உள்ளே சுழன்று சூட்டை இழக்க அதற்கு வழியில்லை, ஆகவே மெதுவாகவே ஆறும். ஐஸ்கிரீம் ஒரு பக்கம் உருகிக்கொண்டிருக்க, அடியில் நாக்கைச் சுடும்.

இந்தப் பண்டத்தில் பால் வெறும் சுவைக்காக மட்டும் இல்லை என்பது பின்னாளில் தெரியவந்தது. அதைக் காட்டியது சோளக் களியையே நம்பி வாழ்ந்தவர்களின் கதை. ஜோயல் பார்லோ என்ற கனெக்டிகட் கவிஞர் 1793இல் ஆல்ப்ஸ் அடிவாரத்துச் சவாயில் தங்கியிருந்தபோது, தட்டில் சோளக் களி வந்து நின்றது. ஊர் நினைப்பு பொங்கி, 'ஹேஸ்டி புட்டிங்' என்ற பெயரிலேயே ஒரு வேடிக்கைக் காவியம் எழுதிவிட்டார். அதே காலத்தில், மலைக்கு அந்தப் பக்கம் வடக்கு இத்தாலியின் ஏழை உழவர்கள் பொலெண்டா என்ற சோளக் களியையே மூன்று வேளையும் தின்று, தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்துக்கொண்டிருந்தார்கள். சொரசொரத்த தோல் என்ற பொருளில் அந்த நோய்க்குப் பெலாக்ரா என்று பெயர் வைத்தார்கள். ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் 1735லேயே அதைப் பதிவு செய்திருந்தார்.

சோளத்திலுள்ள நயாசின் என்ற வைட்டமின் பெரும்பாலும் உடலுக்கு எட்டாதபடி பிணைந்து கிடக்கிறது. அமெரிக்கத் தொல்குடிகள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரிலோ மரச்சாம்பல் நீரிலோ வேகவைத்துத் தோலுரித்தார்கள். அந்த நீரின் காரத்தன்மை பிணைப்பை அவிழ்த்துவிட்டது. ஐரோப்பியர்கள் தானியத்தைக் கொண்டுபோனார்கள், சாம்பலை விட்டுவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களையும் பெலாக்ரா சூறையாடியது. 1914இல் அரசு மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், மிசிசிப்பியின் ஜாக்சன் நகர அநாதை இல்லங்களில் உணவில் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் கூட்டிக் கொடுக்கச் செய்தார். நோய் மறைந்தது. தொற்று அல்ல, உணவுக் குறையே காரணம் என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. 1937இல் கான்ராட் எல்வஹெம் குறைந்த பொருள் எது என்று கண்டறிந்தார்: நயாசின்.

பாலில் நயாசின் அதிகமில்லை; ஆனால் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் உண்டு. உடல் அதில் 60 மில்லிகிராமிலிருந்து ஒரு மில்லிகிராம் நயாசினைத் தயாரித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் பாலிலுள்ள டிரிப்டோஃபான் ஒரு பெரியவரின் ஒரு நாள் தேவையில் கிட்டத்தட்ட பாதியை ஈடுகட்டிவிடும். சோளப் புரதத்தில் குறைவான லைசினும் பாலில் தாராளம். பதினைந்துக்கு ஒன்று என்று பாலில் சோளத்தைக் கரைத்த நியூ இங்கிலாந்துப் பானை, காரணம் தெரியாமலேயே சரியான கூட்டணியை அமைத்திருந்தது.

இன்றைக்கு இதைச் செய்பவர்கள் ஓவனை 150 டிகிரியில் வைத்து இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் விடுகிறார்கள். நடுவில் கொஞ்சம் தளதளவென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மிச்ச வேலையை ஆறும் நேரம் முடித்துக்கொள்ளும். சூட்டில் பிரிந்து அலைந்த அமைலோஸ் இழைகள், குளிரக் குளிர மறுபடி ஒன்றோடொன்று நெருங்கிப் பிணைந்துகொள்வதால் களி இறுகுகிறது. மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், இரவு முழுக்க அந்த நெருக்கம் தொடரும். நேற்றுக் கரண்டியில் குழைந்தது இன்று கத்தியால் வெட்டும் பதத்துக்கு வந்திருக்கும். பழைய அவசரக் களியின் மிச்சத்தையும் அமெரிக்க வீடுகளில் இப்படித்தான் காலையில் துண்டு போட்டு, வாணலியில் வெண்ணெய் உருக்கி இரண்டு பக்கமும் பொரித்தார்கள். வெளிப்புறத்து நீர் சீறிக்கொண்டு ஆவியாகும். சூடு நூறைத் தாண்டும். முந்தின இரவு மணிக்கணக்கில் நடந்த பழுப்பேற்றம் இப்போது நாலே நிமிடத்தில் நடக்கும்.